சி நிரலுக்குள் பெர்ல்: ஒரு கட்டணக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

பார்சல் நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் பராமரித்துவந்த சி நிரல், கிளைகளிலிருந்து நாள் முழுவதும் வரும் பதிவுக் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் உள்ள எடையையும் மண்டல எண்ணையும் எடுத்து, கட்டணத்தைக் கணக்கிட்டுப் பற்றுச்சீட்டுக் கோப்பில் எழுதும். கோப்பு படிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது எல்லாம் பழைய சி. கட்டண விதிகள் மட்டும் அடிக்கடி மாறுவதால், அவற்றைப் பெர்ல் துணைநிரல்களாகத் தனிக் கோப்பில் வைத்திருந்தார்கள். விதி மாறினால் கணக்குப் பிரிவில் இருப்பவரே அந்தக் கோப்பைத் திருத்திவிடலாம். சி நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. நிரல் தொடங்கும்போது பெர்ல் இன்டர்பிரெட்டர் (பெர்ல் வரிகளைப் படித்து நிறைவேற்றும் பகுதி) ஒருமுறை உருவாகும், விதிக்கோப்பு ஒருமுறை படிக்கப்படும், அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அழைப்புகள் நடக்கும்: ‘கட்டணம்’ என்ற துணைநிரல் தொகையைப் பைசாவில் தரும், ‘படிக்குறி’ என்ற துணைநிரல் எந்த எடைப்படியில் பார்சல் விழுந்தது என்பதற்கான குறியீட்டை எழுத்துச்சரமாகத் தரும்.

இந்த அமைப்பு நல்ல அமைப்பு என்றே இப்போதும் கருதுகிறேன். பிழை அமைப்பில் இல்லை. அழைப்பு முடிந்து திரும்பும் சில வரிகளில் இருந்தது. அங்கே மூன்று பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. முதல் பிழை இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்தது என்பதால், அவை வெளிவந்த வரிசையிலேயே எழுதுவதுதான் பொருத்தம்.

முதலில் ஓர் அழைப்பை அருகிலிருந்து பார்த்துவிடலாம். 750 கிராம் எடை, மண்டலம் 3 என்று ஒரு வரி வந்திருக்கிறது. பெர்ல் துணைநிரல் தன் உள்ளீடுகளை சி மொழியின் அடுக்கிலிருந்து (ஸ்டாக்) எடுத்துக்கொள்வதில்லை. பெர்லுக்கென்று தனி அடுக்கு உண்டு. அதில் இருப்பவை மதிப்புகள் அல்ல, மதிப்புகளைத் தாங்கும் எஸ்வி என்ற கட்டமைப்புகளுக்கான சுட்டிகள், அதாவது நினைவக முகவரிகள். எனவே சி பக்கத்தில் டிஎஸ்பி என்ற மேக்ரோவால் அந்த அடுக்கின் உச்சியை உள்ளூர் மாறி ஒன்றில் பிரதியெடுக்கிறோம். என்டர், சேவ்டெம்ப்ஸ் என்ற இரண்டும் ‘இனி உருவாகும் தற்காலிக மதிப்புகள் என் கணக்கு’ என்று எல்லை போடுகின்றன. புஷ்மார்க், உள்ளீடுகள் எந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன என்று குறித்துவைக்கிறது. பிறகு 750, 3 ஆகிய இரண்டு எண்களுக்கும் புதிய எஸ்விகளை உருவாக்கி, அவற்றை மார்ட்டலாக்கி, அதாவது பின்னர் அழிய வேண்டியவை என்று குறித்து, அடுக்கில் ஏற்றுகிறோம். புட்பேக், உள்ளூர்ப் பிரதியில் நகர்ந்த உச்சியை இன்டர்பிரெட்டருக்குத் தெரிவிக்கிறது. அதன்பின் கால்-பிவி, துணைநிரலின் பெயரைக் கொண்டு அதை அழைத்து, எத்தனை மதிப்புகள் திரும்பின என்ற எண்ணிக்கையைத் தருகிறது. பெயருக்குப் பதில் துணைநிரலின் ரெஃபரன்ஸ் (அதைச் சுட்டும் மதிப்பு) கையில் இருந்தால் கால்-எஸ்வி.

திரும்பிய பிறகு ஸ்பாகெய்ன் மேக்ரோவால் உச்சியை மறுபடி படிக்க வேண்டும், ஏனெனில் துணைநிரல் ஓடும்போது அடுக்குக்கு இடம் போதாமல் போனால் பெர்ல் அதை நினைவகத்தில் வேறிடத்துக்கு மாற்றியிருக்கலாம். நம் கையில் இருக்கும் பழைய சுட்டி அப்போது காலி வீட்டின் முகவரிதான். அதன்பின் மதிப்பை இறக்கி, மீண்டும் புட்பேக், கடைசியாகத் தற்காலிக மதிப்புகளை விடுவித்து எல்லையை மூடும் ஃப்ரீடெம்ப்ஸ், லீவ். 1994இல் பெர்ல் 5 வெளியானதிலிருந்து இந்தச் சடங்கின் அடிப்படை மாறவில்லை. பெர்லோடு வரும் பெர்ல்கால் என்ற கையேட்டுப் பக்கம் இதை எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது. அந்தக் கையேட்டைப் படித்துத்தான் எங்கள் நிரலும் எழுதப்பட்டிருந்தது. பிழையும் அங்கிருந்தே தொடங்கியது.

நினைவகம்தான் முதலில் கண்ணில் பட்டது. நிரல் எடுத்துக்கொள்ளும் நினைவகம் காலையிலிருந்து மாலைவரை ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. இதற்குச் சிகிச்சையாக, இரவில் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கும் கிரான் வரி (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) ஒன்றை யாரோ சேர்த்துவைத்திருந்தார்கள். பண்டிகைக் காலத்தில் பார்சல்கள் பெருகியபோது இரவு வரை தாங்கவில்லை என்பதால்தான் விஷயம் எங்களிடம் வந்தது. நினைவகக் கசிவைத் தேடும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டிப் பார்த்தால் சொல்லும்படியான கசிவு எதுவும் காட்டவில்லை. இரண்டு நாள் எங்களைக் குழப்பியது இதுதான்.

காரணம் எளிது. முதலில் எழுதியவர் என்டர், சேவ்டெம்ப்ஸ், ஃப்ரீடெம்ப்ஸ், லீவ் ஆகிய நான்கையும் எழுதவேயில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெர்ல்கால் பக்கத்தின் முதல் எடுத்துக்காட்டிலும் அவை இல்லை. ஆனால் அந்த எடுத்துக்காட்டில் துணைநிரலுக்கு உள்ளீடும் இல்லை, அது எதையும் திருப்பித் தருவதும் இல்லை. அதனால் அங்கே சுத்தம் செய்ய ஒன்றுமில்லை. அதைக் கையேடே சொல்கிறது. எங்களவர் அந்த எலும்புக்கூட்டை எடுத்து, உள்ளீடுகளையும் திரும்பும் மதிப்பையும் பின்னர் சேர்த்திருக்கிறார். நிரல் சரியான விடையைத் தந்தது. சரியான விடை தரும் நிரலை யார் மறுபடி பார்க்கிறார்கள்?

மார்ட்டல் என்ற சொல் இங்கே பொருத்தமான சொல். மார்ட்டலாக்கப்பட்ட மதிப்பு உடனே அழிவதில்லை. தற்காலிக மதிப்புகளின் பட்டியலில் பெயர் எழுதப்பட்டு, அடுத்த முறை அந்தப் பட்டியல் தீர்க்கப்படும்போது அழியும். பெர்ல் மொழியிலேயே எழுதிய நிரலில் ஒவ்வொரு கூற்றும் முடிந்து அடுத்தது தொடங்கும்போது பட்டியல் தானாகவே தீர்ந்துவிடும், அதனால் பெர்ல் எழுதுபவருக்கு இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. எங்கள் நிரலிலோ வெளிச்சுற்று சி மொழியில் இருக்கிறது. சி சுற்று லட்சம் முறை சுழன்றாலும் அது முடியும்வரை வெளி மட்டத்தில் பெர்ல் கூற்று ஒன்றுகூட நிறைவேறுவதில்லை. துணைநிரலுக்குள் இருக்கும் கூற்றுகள் தங்கள் எல்லைக்குள் உருவானவற்றை மட்டுமே தீர்க்கும். அழைத்தவர் ஏற்றிய உள்ளீடுகளையும் அழைத்தவருக்காகத் திரும்பிய மதிப்பையும் அவை தொடக்கூடாது, தொடுவதுமில்லை. ஆகவே ஒவ்வொரு பார்சலுக்கும் சில எஸ்விகள் பட்டியலில் சேர்ந்துகொண்டே போயின. நிரல் முடியும்போது இன்டர்பிரெட்டரைக் கலைக்கும் கட்டத்தில் பட்டியல் மொத்தமாகத் தீர்க்கப்பட்டதால் வால்கிரைண்டின் கணக்கு நேராகிவிட்டது. அது பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் தவறு. அதே தொகுப்பில் உள்ள மாசிஃப் கருவி, எந்த நேரத்தில் எவ்வளவு நினைவகம் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று வரைந்து காட்டியபோது, படிக்கட்டு போல ஏறும் கோடு எஸ்வி உருவாக்கும் வரியைச் சுட்டியது.

நான்கு வரிகளைச் சேர்த்தோம். நினைவகம் நிலைத்தது. அன்று மாலையே பற்றுச்சீட்டுகளில் படிக்குறி இருக்க வேண்டிய இடத்தில் குப்பை வரத் தொடங்கியது.

இரண்டாவது பிழை இது. ‘படிக்குறி’ திருப்பித் தந்த எழுத்துச்சரத்தின் சுட்டியை சி நிரல் அடுக்கிலிருந்து எடுத்து, ஒரு மாறியில் வைத்து, ஃப்ரீடெம்ப்ஸ், லீவ் எல்லாம் முடித்த பிறகு, சில வரிகள் தள்ளி, பற்றுச்சீட்டில் எழுதியது. அந்தச் சுட்டி காட்டும் எழுத்துகள் எஸ்விக்குள் இருப்பவை, எஸ்வி மார்ட்டல், பட்டியல் தீர்ந்தபோது எஸ்வியும் போயிற்று, எழுத்துகளின் இடமும் போயிற்று. இத்தனை ஆண்டுகள் இது வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், எதுவுமே அழிக்கப்படாத நிரலில் எந்தச் சுட்டியும் செல்லாததாவதில்லை என்பதுதான். முதல் பிழையைத் திருத்தியதால் வந்த பிழை அல்ல இது. முதல் பிழையின் நிழலில் வசதியாக வாழ்ந்துவந்த பிழை. எல்லா வரிகளிலும் குப்பை வரவும் இல்லை. விடுவிக்கப்பட்ட இடம் வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளப்படும் வரை பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கும் என்பதால், பெரும்பாலான சீட்டுகள் சரியாகவே அச்சாகின. இத்தகைய பிழைகள் சோதனையில் தப்பித்து நடைமுறையில் பிடிபடுவது இதனால்தான்.

தீர்வு: எல்லை மூடும் முன் பிரதியெடுப்பது. எழுத்துச்சரத்தை அதன் நீளத்தோடு சேர்த்து எடுத்து, சி பக்கத்தின் சொந்த இடத்தில் நகலெடுத்து, அதன்பின் ஃப்ரீடெம்ப்ஸ். நீளத்தோடு எடுக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெர்ல் எழுத்துச்சரத்தின் நடுவில் சுழிய பைட் இருக்கலாம், சி அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளும்.

இங்கே தமிழ் எழுத்துகள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிர்த்திசையில், அதாவது சி பக்கத்திலிருந்து பெறுநர் பெயரை விதிகளுக்கு அனுப்பும்போது, பைட்டுகளை யூனிகோடு எழுத்துகளாகப் படிக்கச் சொல்லும் யூடிஎஃப்-8 என்ற கொடியை எஸ்வியில் ஏற்றாமல் விட்டால் பெர்ல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணும். ‘தமிழ்’ என்ற சொல்லில் யூனிகோடு குறிகள் 5, பைட்டுகள் 15. பெயரைச் சீட்டின் அகலத்துக்கு வெட்டும் துணைநிரல் ஒன்று, எழுத்தின் வயிற்றிலேயே வெட்டி, சதுரப் பெட்டிகளை அச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அச்சு இயந்திரத்தைத்தான் எல்லோரும் பழித்திருக்கிறார்கள்.

மூன்றாவது பிழைதான் கனமானது. விதிக்கோப்பில் இல்லாத மண்டலம் வந்தால் ‘கட்டணம்’ துணைநிரல் டை என்ற கூற்றால் செத்துவிடும். கணக்குப் பிரிவினர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், அது சரியும்கூட. ஆனால் அழைப்போடு சேர்த்துத் தரும் ஜி-ஈவால் என்ற கொடி இல்லாமல் சி அழைத்தால், அந்தச் சாவைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாத நிலையில் முழு நிரலும் வெளியேறிவிடும். இது முன்பே நடந்திருக்கிறது. அதற்கு யாரோ ஒரு மாற்று வழி செய்திருந்தார்கள்: வெளிச்சுற்றின் மேல் மெல்லிய பெர்ல் உறை ஒன்றைப் போட்டு, அதில், பிழையைப் பிடித்துக்கொள்ளும் ஈவால் தொகுதிக்குள் சி செயற்கூற்றை ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை அழைத்தார்கள். ஆக பெர்ல் சி நிரலை அழைக்கிறது. சி மறுபடி பெர்லை அழைக்கிறது. உள்ளே டை நடந்தால் வெளியே இருக்கும் ஈவால் பிடித்துக்கொள்ளும், நிரல் சாகாது, அடுத்த கோப்புக்குப் போகும். பார்த்தவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

டை நடந்த இடத்திலிருந்து ஈவாலுக்குப் போகும் தாவலைப் பெர்ல், சி மொழியின் லாங்ஜம்ப் மூலம் செய்கிறது. உள்ளிருந்து வெளி ஈவாலுக்குத் தாவும்போது, நடுவில் இருக்கும் சி செயற்கூறுகளின் சட்டகங்களை (முடியாமல் நிற்கும் அழைப்புகளை) அது வெறுமனே கடந்து போகிறது. அவற்றின் மிச்ச வரிகள் ஓடுவதில்லை. எங்கள் சி செயற்கூறு கோப்பைத் திறந்திருந்தது, இடைநிலை நினைவகம் எடுத்திருந்தது, பற்றுச்சீட்டுக் கோப்பைப் பூட்டியிருந்தது. மூடுவது, விடுவிப்பது, பூட்டைத் திறப்பது எல்லாம் செயற்கூற்றின் கடைசியில் இருந்தன. அந்தக் கடைசிக்கு வழியே இல்லாமல் போயிற்று. எங்கள் நிரல் தொடர்ந்து ஓடியது. அதே கோப்பைப் படித்து நாள் அறிக்கை தயாரிக்கும் வேறொரு நிரல்தான் திறக்காத பூட்டுக்காகக் காத்துக்கொண்டே நின்றது. பிழை ஓரிடத்தில், வலி வேறிடத்தில்.

ஜி-ஈவால் கொடியைச் சேர்த்தால் துணைநிரல் செத்தாலும் கட்டுப்பாடு சி பக்கத்தில் அழைத்த வரிக்கே திரும்பும்; பிழைச்செய்தி $@ மாறியில் இருக்கும், சி அதை எர்எஸ்வி என்ற பெயரில் பார்க்கலாம். இதைச் செய்தபோதுகூட ஒரு குழியில் கால் வைத்தோம். ஒற்றை மதிப்பு கேட்கும் ஜி-ஸ்கேலார் கொடியோடு அழைத்தால், துணைநிரல் செத்திருந்தாலும் திரும்பும் எண்ணிக்கை 1. அடுக்கில் அன்டெஃப் (மதிப்பு எதுவும் இல்லாதது) ஒன்று கிடக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து, மதிப்பை முழு எண்ணாக இறக்கி, அதன்பின் எர்எஸ்வியைப் பார்க்கலாம் என்று வைத்தால், அன்டெஃப் சுழியமாகிவிடும். சுழியம் பைசா கட்டணத்தோடு அச்சாகும் சீட்டு, செத்துப்போகும் நிரலைவிட மோசம்; நிரல் செத்தால் யாராவது பார்ப்பார்கள். சோதனையில் அப்படி ஒரு சீட்டு வந்ததால் தப்பித்தோம். பட்டியல் கேட்டு அழைத்திருந்தால் சாவின்போது எண்ணிக்கை 0 ஆக இருந்திருக்கும். இரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

பழைய பெர்லில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாவின்போது அழியும் பொருள் ஒன்றின் டிஸ்ட்ராய் செயற்கூற்றுக்குள் (பொருள் அழியும்போது தானாக ஓடுவது) ஈவால் இருந்தால், அது $@ மாறியைத் துடைத்துவிடக்கூடும். பிழை நடந்தும் நடக்காதது போலத் தோன்றும். 2011இல் வந்த 5.14 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. எங்களிடம் இருந்தது அதற்குப் பிந்தைய பதிப்பு என்பதால் இதில் நேரம் செலவிடவில்லை.

இவற்றைச் சரியான வரிசையில் அடுக்குவதற்கு நாங்கள் பார்த்த மாதிரி, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பிஎல்/பெர்ல் மூலநிரல். தரவுத்தளச் சேவையகம் முழுக்க சி. அதற்குள் பெர்லில் எழுதிய செயற்கூறுகளை ஓட்ட முடியும். எங்கள் நிலையேதான், ஆனால் இன்னும் கடினமானது, ஏனெனில் சேவையகத்துக்கும் லாங்ஜம்ப் வகையில் தாவும் சொந்தப் பிழைமுறை உண்டு. ஒரே செயல்முறைக்குள் தாவத் தெரிந்த இரண்டு பேர். ஒருவர் மற்றவரின் சட்டகங்களைத் தாண்டிக் குதித்தால் தாண்டப்பட்டவரின் கணக்கு குலைந்துபோகும்.

அந்த மூலநிரலில் பெர்ல் செயற்கூற்றை அழைக்கும் பகுதி, ஜி-ஸ்கேலார், ஜி-ஈவால் இரண்டையும் சேர்த்துத்தான் கால்-எஸ்வியை அழைக்கிறது. எர்எஸ்வி உண்மையாக இருந்தால், அடுக்கில் கிடப்பதை முதலில் இறக்கி எறிகிறது. பிறகு புட்பேக், ஃப்ரீடெம்ப்ஸ், லீவ் என்று பெர்லின் வீட்டை ஒழுங்காகப் பூட்டுகிறது. அதற்குப் பிறகே சேவையகத்தின் சொந்தப் பிழையை எழுப்புகிறது. பிழை இல்லையென்றால், இறக்கிய மதிப்புக்குப் புதிய எஸ்வி நகலெடுத்து, அதன்பின் அதே வரிசையில் பூட்டுகிறது. எங்கள் இரண்டாவது பிழைக்கும் மூன்றாவது பிழைக்கும் விடை இந்தச் சில வரிகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது.

எதிர்த்திசையும் கவனிக்கத்தக்கது. பெர்ல் செயற்கூறு உள்ளிருந்து ஒரு வினவலை ஓட்டக் கேட்டால், கட்டுப்பாடு மறுபடி சேவையகத்துக்கு வருகிறது. வினவலில் பிழை நேர்ந்தால் சேவையகம் பெர்லின் தலைக்கு மேல் தாவிவிட முடியாது. ஆகவே அந்த வினவல், தனியாகப் பின்வாங்கக்கூடிய ஒரு துணைப் பரிவர்த்தனைக்குள் ஓட்டப்படுகிறது; பிழை பிடிக்கப்பட்டு, செய்தி நகலெடுக்கப்பட்டு, துணைப் பரிவர்த்தனை பின்வாங்கப்பட்ட பிறகு, அதே செய்தியோடு பெர்ல் பக்கத்தில் குரோக் (சி பக்கத்திலிருந்து எழுப்பும் டை) எழுப்பப்படுகிறது. பெர்ல் எழுதுபவர் வழக்கமான ஈவாலால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வினவலுக்கும் துணைப் பரிவர்த்தனை என்பது இலவசமல்ல. ஆனாலும் இந்த எல்லையில் அந்த விலையைக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

மதிப்பு கடக்கும்போது பொருள் மாறாமல் பார்த்துக்கொள்வதும் எல்லைக் காவலின் வேலைதான். பிஎல்/பெர்ல் நெடுங்காலமாகப் பூலியன் (மெய் அல்லது பொய்) மதிப்பை ஓரெழுத்துச் சரமாகவே பெர்லுக்கு அனுப்புகிறது. பொய்க்கான அந்த ஓரெழுத்து, காலியில்லாத சரம் என்பதால் பெர்லின் கண்ணில் மெய்! 2020இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் இதை மாற்றித் தரும் நீட்சி சேர்ந்தது. பைசாவும் ரூபாயும் கலந்துபோகாமல் இருக்க எங்கள் விதிகளில் முழு எண்ணையே கட்டாயமாக்கியதும் இந்த வகை பயத்தால்தான்.

பெர்லைப் போலவே சி நிரலுக்குள் வைத்து ஓட்டக்கூடிய லுவா மொழியிலும் அழைப்பவர் இதே கவலையைச் சுமக்கிறார்: எழுத்துச்சரத்துக்கான சுட்டி, அந்த மதிப்பு அடுக்கில் இருக்கும்வரைதான் நம்பத்தக்கது. ஆனால் அங்கே பிழையைப் பிடிக்கும் பி-கால் தனிச் செயற்கூறாக இருப்பதால், எழுதுபவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. பெர்லில் அது ஒரு கொடி. விட்டுவிட்டால் விட்டது தெரியாது.

எங்கள் திருத்தம் இப்படி முடிந்தது. நிரல் முழுவதும் சிதறிக் கிடந்த அழைப்புகளை எடுத்துவிட்டு, பெர்லை அழைக்கும் உரிமையை ஒரே ஒரு சி செயற்கூற்றுக்குக் கொடுத்தோம். துணைநிரல்களின் ரெஃபரன்ஸை விதிக்கோப்பு படித்தவுடன் ஒருமுறை எடுத்து, சொந்த நகலாக வைத்துக்கொண்டோம். பெர்ல் மாறியின் எஸ்விச் சுட்டியையே சேமித்தால், பிறகு அந்த மாறிக்குள் வேறொன்று வைக்கப்படும்போது நாம் வைத்திருப்பதும் மாறிவிடும். உள்ளீடுகளுக்கு, ஒரே தற்காலிக இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் எக்ஸ்புஷ்-ஐ மேக்ரோவைத் தவிர்த்தோம், ஏனெனில் இரண்டு எண்களை அதனால் ஏற்றினால் இரண்டும் கடைசி எண்ணாகவே போய்ச்சேரும். மேலே போட்டிருந்த பெர்ல் உறையைக் கழற்றிவிட்டோம்.

சோதனைக்கென்று ஒரு சிறிய விதிக்கோப்பு இப்போது சி நிரலை ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் ஓடுகிறது. அதில் ஒரு துணைநிரல் எப்போதும் சாகும். ஒன்று ஆழமாகத் தன்னைத்தானே அழைத்து அடுக்கை இடம்பெயர வைக்கும். ஒன்று மிக நீண்ட எழுத்துச்சரம் திருப்பித் தரும். மூன்றையும் பல ஆயிரம் முறை சுற்றவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் நினைவக அளவை ஒப்பிடுகிறோம். கிரான் வரியை நீக்கினோம்.

தெரியாத மண்டலம் வந்தால், அந்தப் பார்சலின் வரி மட்டும் தனிக் கோப்பில் ஒதுங்குகிறது. டை கூற்றின் செய்தி வரிமுறிப்போடு முடியாவிட்டால் பெர்ல் தானாகவே கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் ஒட்டிவிடும் என்பதால், கணக்குப் பிரிவில் இருப்பவர் விதிக்கோப்பில் அந்த வரிக்கே போய், மண்டலத்தைச் சேர்த்து, ஒதுங்கிய கோப்பை மறுபடி உள்ளே போடுகிறார்.